அட்டை ஓவியமும் எழுத்து வடிவமும்: பழைய மாத நாவல் சேகரிப்பின் மொழியியற் பயன்

1. முன்னுரை

மாதம் ஒரு முழுக்கதை என்ற முறையில் குறைந்த விலைக்கு விற்கப்பட்ட கையடக்க நாவல்கள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழரிடையே மிகப் பரவலாகப் படிக்கப்பட்ட அச்சுப் பொருள்களுள் ஒன்றாகும். திறனாய்வாளர்கள் இவற்றின் இலக்கியத் தரம் குறித்து விவாதித்துள்ளனர். சமூகவியலார் வாசகரைப் பற்றி எழுதியுள்ளனர். ஆனால் வாசகரின் கண்ணில் முதலில் பட்ட பகுதியாகிய அட்டை போதிய கவனம் பெறவில்லை. அட்டையை வரைந்த ஓவியரின் பெயர் நூலகப் பட்டியல்களில் இடம்பெறுவது அரிது. பழைய இதழ்களைத் தொகுப்போர் பலரும் கதையைக் காத்து அட்டையைக் கைவிட்டுள்ளனர்.

அட்டை வெறும் அலங்காரம் அன்று. அது காலம் குறிக்கப்பட்ட ஒரு மொழிச் சான்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டிற்கு வெளியே அமைந்த தமிழ்க் குடியிருப்பாகிய கோலார் தங்கவயல் இவ்விளக்கத்திற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. பள்ளிப் பாடநூலும் அரசாணையும் ஒரு மாநிலத்தைச் சார்ந்திருக்க, படிக்கும் இதழ் மற்றொரு மாநிலத்திலிருந்து வரும் இடங்களில் வெகுசன இதழின் மொழிப்பணி தெளிவாகப் புலப்படும்.

2. சாணித்தாளும் வண்ண அட்டையும்

மேலைநாடுகளில் இவ்வகை இதழ்கள் அவை அச்சான தாளாலேயே பெயர் பெற்றன. மரக்கூழிலிருந்து இயந்திர முறையில் செய்யப்படும் மலிவான தாளில் கதை இதழ் அச்சிடும் முறை அமெரிக்காவில் 1896இல் ‘ஆர்கசி’ இதழால் நிலைபெற்றது. 1920இல் ‘பிளாக் மாஸ்க்’, 1923இல் ‘வியர்டு டேல்ஸ்’, 1926இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ ஆகியவை தோன்றின. ‘வியர்டு டேல்ஸ்’ அட்டைகளை 1930களில் வரைந்த மார்கரெட் பிரண்டேஜ், ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ அட்டைகளை வரைந்த பிராங்க் பால் ஆகியோர் இன்று கதாசிரியர்களுக்கு இணையாக மதிக்கப்படுகின்றனர். உள்ளே இருந்த கதையை மறந்த பின்னரும் அட்டையை நாடிச் சேகரிப்போர் அங்கு மிகுதி.

தமிழில் அச்சகத்தாரும் கடைக்காரரும் இத்தாளைச் ‘சாணித்தாள்’ என்பர். மங்கிய நிறமும் சொரசொரப்பும் கொண்ட இத்தாளில் மரத்தின் ‘லிக்னின்’ என்னும் கூறு நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட அது பழுப்பேறும். பின் மடித்த இடத்தில் ஒடியும். அட்டைக்குப் பயன்பட்ட வழவழப்பான பூச்சுத்தாளோ இதைவிடத் தடிமனானது. ஆகவே, இயற்கையின் போக்கில் விட்டால் உள்தாளினும் அட்டையே நெடுநாள் நிற்க வேண்டும். நடப்பில் அட்டைகளே முதலில் மறைந்தன. இதற்குக் காரணம் தாளன்று, பழக்கமே என்பது பின்னர்க் காட்டப்படும்.

தமிழில் மாத நாவல் மரபு பழமையானது. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு முதலியோரின் துப்பறியும் கதைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றன. வை.மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’யை 1925 முதல் நடத்தினார். 1926இல் தோன்றி 1928இல் எஸ்.எஸ். வாசனின் உடைமையான ‘ஆனந்த விகடன்’, 1941இல் தொடங்கிய ‘கல்கி’, 1947இல் தொடங்கிய ‘குமுதம்’ ஆகியவை தொடர்கதையையும் அதற்குரிய ஓவியத்தையும் வாரந்தோறும் இல்லங்களுக்குக் கொண்டு சென்றன. 1969இல் தொடங்கிய ‘ராணி முத்து’ ஒரு நாவலை ஓரிதழில் முழுமையாகத் தரும் முறையைப் பரவலாக்கியது. அதன்பின் ‘மாலைமதி’, ‘பாக்கெட் நாவல்’, ‘கிரைம் நாவல்’ முதலியன பெருகின. சிவகாசியிலிருந்து 1972இல் ‘முத்து காமிக்ஸ்’, 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ ஆகிய படக்கதை இதழ்கள் வெளிவரத் தொடங்கின.

3. தங்கவயலில் தமிழ் அச்சு

கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியை நடத்தியது. வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. மாரிகுப்பம், சாம்பியன் ரீப், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை ஆகிய பகுதிகளில் தமிழே தெருவின் மொழியாயிற்று. சென்னை – பெங்களூர் இருப்புப்பாதையிலிருந்து பங்காரப்பேட்டை வழியாக மாரிகுப்பம்வரை கிளைப்பாதை அமைந்ததால், சென்னையில் அச்சான இதழ்கள் ஊருக்குள் வர வழி இருந்தது.

தங்கவயல் இதழ்களை வாங்கிப் படித்த ஊர் மட்டுமன்று, வெளியிட்ட ஊருமாகும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’, அடுத்த ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் மாறி, 1914இல் அவர் மறையும்வரை அவர் பொறுப்பில் வெளிவந்தது. தங்கவயலில் வலுவாக வேரூன்றிய தமிழ்ப் பௌத்த இயக்கத்தினர் அவ்விதழின் உறுதியான வாசகராக விளங்கினர். 1920களின் பிற்பகுதியில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை வெளியிட்டது.

‘தமிழன்’ வெகுசனக் கதை இதழ் அன்று. எனினும் சேகரிப்பைப் பற்றிய ஆய்வில் அதற்கு இடமுண்டு. ஒரு பைசா விலையுள்ள வார இதழ் எந்த நூலகத்திற்கும் அரிய பொருளாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அவ்விதழ்களில் வெளிவந்த எழுத்துகள் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ எனத் தொகுக்கப்பட்டபோது, தமிழகத்தின் அறிவு வரலாறே ஓரளவு திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. வாங்கிய விலையைக் கொண்டு காக்கும் தகுதியை அளத்தல் கூடாது என்பதற்குத் தங்கவயல் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் நடுவண் அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் பொறுப்பேற்றது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. அதன்பின் பலர் பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று வேலை செய்கின்றனர், பலர் குடிபெயர்ந்தனர். குடிபெயரும் வீட்டில் முதலில் எடைக்குப் போவது பழைய தாள். ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளின் பரண்களில் எஞ்சியிருக்கும் இதழ்களைப் பற்றிப் பேசுவது இக்காரணத்தால் காலத்தோடு செய்ய வேண்டிய பணியாகிறது.

4. தைத்துக் கட்டும் வழக்கம்

தமிழ் இல்லங்களில் இதழ் சேகரிப்பு பெரும்பாலும் ‘பைண்டு’ செய்தலையே குறித்தது. வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கதை முடிந்ததும் வரிசைப்படுத்தி, தைத்து, காலிக்கோத் துணி ஒட்டிய கெட்டி அட்டைக்குள் அடக்குவர். ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இவ்வாறு எத்தனையோ குடும்பங்களில் தலைமுறைச் சொத்தாகக் கைமாறியது. கதை நூலாக வந்த பின்னரும் பைண்டு செய்த தொகுப்பையே மதித்தவர் உண்டு. மணியம் வரைந்த படங்கள் அதில் இருந்ததே காரணம்.

இவ்வழக்கம் உட்பக்க ஓவியத்தைக் காத்தது, அட்டையைக் கழித்தது. கிழித்தெடுத்த பக்கத்தில் கதையின் பெயரும் அத்தியாய எண்ணும் இருக்கும்; நாளும் விலையும் கழிந்த அட்டையோடு போய்விடும். மாத நாவல்களுக்கு நேர்ந்தது வேறு. வாடகை நூலகத்தார் ஐந்தாறு நாவல்களை ஒன்றாகக் கட்டினர். முன்னட்டையின் மேல் பழுப்புத்தாள் ஒட்டினர். முத்திரையை ஓவியத்தின் நடுவில் குத்தினர். எஞ்சியவை பழைய தாள் கடையில் எடைக்குச் சென்று மளிகைக் கடையில் பொட்டலமாயின. கல்வி நிறுவன நூலகங்களோ இவற்றை வாங்கவே இல்லை, அல்லது ஆண்டிறுதியில் கழித்தன.

இதற்கு மாறான சேகரிப்பு முறைக்கு ரோஜா முத்தையா செட்டியார் எடுத்துக்காட்டாவார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த இவர் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு இதழ்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் ஆகியவற்றையும் அவர் தொகுத்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றது. எழுத்தை வரையும் தொழிலுடைய ஒருவர், பிறர் கழித்ததைக் காத்தார் என்பது எண்ணத்தக்கது.

5. அட்டை ஓவியர்

தமிழ் இதழோவியத்தில் மாலி, கோபுலு, சில்பி, மணியம் முதலியோர் வார இதழ்களின் வழியே ஓவியத்தை மக்களிடம் கொண்டு சென்றனர். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு வரைந்த படங்கள், கதைமாந்தரின் உருவத்தை வாசகர் மனத்தில் நிலைநிறுத்தின. அடுத்த தலைமுறையில் ஜெயராஜ், மாருதி, மணியம் செல்வன், ஷ்யாம் முதலியோர் மாத நாவல்களும் மலர்ந்த காலத்தில் வரைந்தனர்.

ஜெயராஜின் ஓவியம் அக்கால நகர வாழ்வின் உடையையும் உடல்மொழியையும் பதிவு செய்தது. சுஜாதாவின் கணேஷ், வசந்த் ஆகியோரைப் பல வாசகர் ஜெயராஜின் கோடுகளாலேயே அறிவர். நகரப் பெண்ணின் சட்டைக் கழுத்து, ஆணின் கிருதா, கால்சட்டையின் அகலம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதை அவர் படங்களில் காணலாம். புதுக்கோட்டையில் பிறந்து 2023இல் மறைந்த மாருதியின் இயற்பெயர் ரங்கநாதன். அவருடைய தனித்தன்மை பெண் முகத்தில் உள்ளது. நீர் கோத்தது போன்ற அகன்ற விழியும் கன்னத்தில் மெல்லப் பரவும் வண்ணமும் குடும்பக் கதையின் அடையாளமாகவே மாறின. அட்டையில் மாருதியின் முகம் இருந்தால் உள்ளே இருப்பது இன்ன வகைக் கதை என வாசகர் ஊகிக்க முடிந்தது. மணியத்தின் மகனாகிய மணியம் செல்வன் வரலாற்றுக் கதைக்குரிய அணிகலன், ஆடை, கட்டடம் ஆகியவற்றின் நுணுக்கத்தைத் தந்தையின் வழியில் தொடர்ந்தார். ஷ்யாமின் துப்பறியும் நாவல் அட்டைகளில் அச்சமும் கவர்ச்சியும் அடர்ந்த வண்ணங்களில் எதிரெதிரே நிற்கும்.

இவ்வேறுபாடுகளைச் சுவைக்க அச்சுமுறையையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனி ‘பிளாக்’ செய்ய வேண்டியிருந்தபோது வண்ணம் கூடக் கூடச் செலவும் கூடியது. ஓவியர் இரண்டு வண்ணங்களுக்குள் இருளையும் ஒளியையும் பிரித்துக்காட்ட வேண்டியவராயினர். ‘ஆப்செட்’ முறை பரவியபின் அவர் நீர்வண்ணத்தின் மென்மையை ஓரளவு நம்பிப் பயன்படுத்த இயன்றது. கணினி வந்தபின் ஒளிப்படங்களை வெட்டி இணைக்கும் அட்டைகள் பெருகி, தூரிகைக்கு இடம் குறைந்தது. பழைய அட்டையில் ஒரு வண்ணம் கோட்டைவிட்டு விலகி நிற்குமானால் அது ஓவியரின் பிழையன்று. அச்சின் பதிவு விலகியதன் விளைவு. இவ்வேறுபாட்டை அறிந்தவரே ஓவியரை நேர்மையாக மதிப்பிட இயலும்.

6. அட்டையில் எழுத்து வடிவம்

மொழியியலார்க்கு அட்டையின் முதற்பயன் காலக்குறிப்பாகும். மாதம், ஆண்டு, விலை, இதழ் எண் ஆகியவை பெரும்பாலும் அட்டையில் இருக்கும். ஆண்டு அழிந்த நிலையிலும் விலைக்குறி துணை செய்யும். ‘அணா’ என்னும் விலை 1957க்கு முற்பட்ட காலத்தைச் சுட்டும். பதின்ம நாணய முறை 1957 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபின் ‘நயா பைசா’ என்பதன் சுருக்கமாகிய ‘ந.பை.’ வழங்கியது. 1964 ஜூன் முதல் நாணயத்தின் பெயரிலிருந்து ‘நயா’ நீங்கியது.

இரண்டாவது பயன் வரிவடிவம் பற்றியது. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. ஆகாரத்தில் ணா, றா, னா. ஒகரத்தில் ணொ, றொ, னொ. ஓகாரத்தில் ணோ, றோ, னோ. ஐகாரத்தில் ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்று எழுத்துகள் புது வடிவம் பெற்றன. ஐகாரத்திற்குரிய இந்நான்கும் முன்னர் யானைத் துதிக்கை போல முன்னே வளைந்து சுழிக்கும் வடிவில் எழுதப்பட்டன.

துப்பறியும் நாவலின் அட்டையில் அடிக்கடி இடம்பெறும் சொல் ‘கொலை’. அச்சொல்லின் இறுதி எழுத்து, சீர்திருத்தத்தால் மாறிய எழுத்துகளுள் ஒன்று. ‘மாலைமதி’ என்னும் இதழ்ப்பெயரிலும் அதே எழுத்து உள்ளது. ஆகவே, பிற நூல்களில் தேடிக் காண வேண்டிய வரிவடிவ மாற்றம் மாத நாவல் அட்டைகளில் பெரிய அளவில், வண்ணத்தில், மாதவாரியாகப் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு.

இவ்விடத்தில் அச்செழுத்துக்கும் வரைந்த எழுத்துக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. உட்பக்கங்களின் எழுத்தை மாற்ற அச்சகம் புதிய அச்சுகளை வாங்க வேண்டும். அட்டைத் தலைப்பையோ ஓவியர் தூரிகையால் எழுதுவார். அவருக்குப் புது வடிவம் செலவற்றது. அதேவேளையில், துதிக்கையின் வளைவு தலைப்புக்கு அழகூட்டும் என எண்ணிப் பழைய வடிவத்தை அவர் நீட்டித்திருக்கவும் கூடும். ஓர் இதழின் அட்டையும் உட்பக்கமும் வெவ்வேறு வடிவங்களைக் காட்டுமானால், சீர்திருத்தம் எவ்வழியாகப் பரவியது என்னும் வினாவுக்கு அது நேரடிச் சான்றாகும். அட்டை நீங்கிய தொகுப்பில் இவ்வினாவை எழுப்பவே இயலாது. எழுத்து வடிவத்தை மட்டும் கொண்டு காலம் கணித்தல் ஏற்புடையதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரியாரின் இதழ்கள் 1978க்கு முன்னரே புது வடிவத்தைக் கையாண்டன. வெகுசன இதழ்கள் ஆணை வந்த உடனே ஒருசேர மாறிவிடவும் இல்லை.

தங்கவயலில் இவ்வினா மேலும் கூர்மையாகிறது. தமிழ்நாட்டரசின் ஆணை கர்நாடகப் பள்ளிகளைக் கட்டுப்படுத்துவதன்று. பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ பயின்று தமிழை வீட்டிலும் தெருவிலும் மட்டும் அறிந்த ஒருவருக்கு, தமிழெழுத்தின் புது வடிவம் அறிமுகமாகும் வாயில்களுள் ஒன்று கடையில் தொங்கிய இதழின் அட்டையே. மாத நாவலின் உரையாடல் பேச்சுத்தமிழை ஒட்டியும் எடுத்துரைப்பு எளிய எழுத்துத்தமிழிலும் அமைவது, இத்தகைய வாசகர்க்கு இரு வழக்குகளுக்கும் இடையே ஒரு படியாகவும் அமைந்திருக்கும்.

7. தலைப்பும் படமும்

அட்டைத் தலைப்பு பெரும்பாலும் வினைமுற்று இல்லாத தொடராகும். ராஜேஷ்குமாரின் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ என்னும் தலைப்பில் நான்காம் வேற்றுமைச் சொல்லும் பெயரும் மட்டுமே உள்ளன. யாருடைய உயிர், யார் வாடகைக்குக் கொண்டார் என்னும் எழுவாயும் செயலும் விடுபட்டுள்ளன. இத்தகைய விடுபாட்டை நிரப்பும் பொறுப்பு ஓவியருடையது. ஆனால் முற்றும் நிரப்பிவிட்டால் வாசகர் உள்ளே நுழையத் தேவை இராது. எனவே தேர்ந்த ஓவியர் ஒரு வேற்றுமைப் பொருளை மட்டும் காட்டி மற்றதை மறைப்பார்: அஞ்சும் முகத்தைக் காட்டுவார், அச்சத்திற்குக் காரணமானவரைக் காட்டார்.

சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ வேறு வகை. வழக்கிலுள்ள ‘இலையுதிர் காலம்’ என்னும் தொடரில் முதலெழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து வந்து பொருளைப் புரட்டிவிடுகிறது. இங்கே சொல்லே முழுச் செயலையும் செய்வதால் படத்திற்குச் சூழலைத் தரும் பணி மட்டுமே எஞ்சுகிறது. அவருடைய ‘நைலான் கயிறு’ ஒரு பொருளின் பெயர் மட்டுமே. அப்பொருள் எதற்குப் பயன்பட்டது என்பதை உணர்த்த ஓவியரோ வாசகரின் ஊகமோ தேவைப்படுகிறது. சொல் குறையும் இடத்தில் படம் மிகுவதும், சொல் மிகும் இடத்தில் படம் ஒதுங்குவதும் அட்டையின் பொது இலக்கணம் எனலாம்.

8. சேகரிப்புக்குரிய குறிப்பு முறை

இதழ் சேகரிப்போரும் நூலகத்தாரும் ஓர் அட்டைக்குக் கீழ்க்காணும் செய்திகளைக் குறித்து வைத்தல் பயன் தரும்.

(1) இதழ்ப்பெயர், மாதம், ஆண்டு, இதழ் எண், விலை அச்சிடப்பட்ட முறை.
(2) நாவலின் தலைப்பு, ஆசிரியர் பெயர். இரண்டில் எது பெரிய எழுத்தில் உள்ளது என்னும் விவரம்.
(3) ஓவியரின் பெயர். அது கையொப்பத்தாலா, உட்பக்கக் குறிப்பாலா, நடையைக் கொண்ட ஊகத்தாலா அறியப்பட்டது என்னும் விளக்கம்.
(4) தலைப்பு வரைந்ததா, அச்செழுத்தா. சீர்திருத்தத்திற்குரிய எழுத்துகளின் வடிவம்.
(5) ஓவியமா, ஒளிப்படமா, இரண்டின் கலப்பா, வண்ணங்களின் எண்ணிக்கை.
(6) வாங்கிய இடம். வாடகை நூலக முத்திரை, உடையவர் எழுதிய குறிப்பு முதலியன.

இறுதியாகக் கூறியதைப் பலர் கறை எனக் கருதி நீக்க முயல்வர். அது பிழை. ஒரு தங்கவயல் முத்திரை, அவ்விதழ் அங்கே படிக்கப்பட்டது என்பதற்குரிய ஒரே சான்றாக இருக்கலாம். துருவேறிய கம்பிகளை மட்டும் மெல்ல நீக்கிப் பருத்தி நூலால் தைக்கலாம். ஒட்டுநாடாவும் நெகிழித் தாளை வெப்பத்தால் ஒட்டும் முறையும் அட்டைக்குத் தீங்கானவை. வண்ணப்படி எடுத்தபின் மூலத்தைக் கழித்துவிடவும் கூடாது. தாளின் தன்மையும் வண்ணப் பதிவின் அடுக்கும் படியில் முழுமையாகத் தங்குவதில்லை.

9. முடிவுரை

சென்னையில் 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் வெகுசனக் கதைத் தொகுதிகள், இக்கதைகளையும் அட்டை ஓவியத்தையும் தமிழறியாத வாசகரிடம் கொண்டு சென்றன. அதன்பின் இவ்வட்டைகளின் மதிப்புக் கூடியுள்ளது. கலைப்பொருளாக மதிக்கப்படுவது நன்றே. ஆயினும் அழகிய அட்டைகளை மட்டும் தேர்ந்து காப்பது, கதையை மட்டும் காத்த பழைய வழக்கத்தின் மறுபக்கமாகிவிடும். அட்டையும் உள்ளடக்கமும் ஒன்றாக, கிடைத்த இடக்குறிப்போடு காக்கப்படும்போதே அவை மொழிச் சான்றாகும்.

ஓவியர் தம் கையொப்பத்தை அட்டையின் கீழ்மூலையில் சிறிதாக இட்டார். வாடகை நூலகத்தின் பழுப்புத்தாள் பல அட்டைகளில் அதையும் மறைத்துவிட்டது. தங்கவயல் போன்ற ஊர்களில் எஞ்சியுள்ள வீட்டுத் தொகுப்புகள் எடைக்குப் போகுமுன் பட்டியலிடப்படுமானால், பெயர் மறைந்த ஓவியர் சிலரேனும் அடையாளம் பெறுவர். தமிழெழுத்து ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாறிய பாதையும், மாநில எல்லைக்கு அப்பால் அது சென்று சேர்ந்த விதமும் அவ்வட்டைகளிலிருந்தே தெளிவுபெறும்.